எட்டு வருடம் போட்ட வைரத்தோடு, பின்பக்கம் திறந்து பார்த்த பிறகு

போன வாரம் என் வைரத்தோட்டில் ஒரு கல் ஆட ஆரம்பித்தது. விரல் நுனி பட்டாலே அசைந்தது. மலேசியாவில் எங்கள் ஊர்ப் பக்கம், சுங்கை சிப்புட்டில் இன்னும் கையால் நகை வேலை செய்கிற வயதான பத்தர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தோட்டைத் திருப்பினார். பின்பக்கத் தங்கத் தகட்டின் ஓரத்தைச் சின்ன உளியால் மெல்லக் கிளப்பினார். உள்ளே ஏழு கல்லுக்கும் பின்னால் பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி பிசுக்கு அப்பியிருந்தது. எட்டு வருடத் தேங்காய் எண்ணெய், பவுடர், சோப்பு, வியர்வை எல்லாம் சேர்ந்த பிசுக்கு.

"இங்க பாரும்மா, பின்னால இவ்வளவு அடைஞ்சிருந்தா கல்லு எப்படி மின்னும்?" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. எட்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

அதே நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம். "அண்ட்டி, வைரத்தோடு வாங்கலாம்னு அம்மா சொல்றாங்க. உங்களுது எப்படி? வாங்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஏழு கல் தோடு. ஒரு கல் 5 பாயிண்ட், இரண்டு காதுக்கும் 14 கல், மொத்தம் 70 பாயிண்ட். 100 பாயிண்ட் ஒரு கேரட், ஒரு கேரட் 0.2 கிராம், இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தங்கம் 750, அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். ஈப்போவில் ஒரு கடையில் 2017-ல் 7,200 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கினேன். 50 வயதில் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) இரண்டாம் கணக்கில் எடுத்த பணம் அது.

என் அம்மா பால்மரம் சீவியவர். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தோட்ட அலுவலகக் கணக்கரான கிராணியின் மனைவி வைரத்தோடு போட்டு வந்து நிற்பார். தீபாராதனை வெளிச்சத்தில் அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் காதில் ஒரு பொறி தெறிக்கும். பத்து வயதில் பார்த்தது, இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. அதனால் நான் வாங்கப் போனது அந்தப் பொறியைத்தான். கல்லின் தரமோ எடையோ எனக்கு இரண்டாவதுதான்.

கடையில் அரை மணி நேரம் விளக்கம் கொடுத்தார்கள். நிறம் ஈ-எஃப் (நிறமே இல்லாத கல்), தெளிவு வி.வி.எஸ் (உள்ளே மிக மிகச் சிறிய குறைதான்) என்று ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அந்த அட்டையில் பட்டை எப்படித் தீட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. தோட்டின் பின்பக்கம் மூடியிருந்தால் என்ன ஆகும் என்றும் யாரும் சொல்லவில்லை. வைரத்துக்கு எண்ணெய் ஒட்டும் என்று சத்தியமாக ஒருவரும் சொல்லவில்லை.

இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வைரத்தில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி சுரங்கத்தில் 1890களிலேயே இந்தக் குணத்தை வைத்துத்தான் வைரத்தைப் பிரித்தார்கள். கிரீஸ் தடவிய மேசை மேல் நொறுக்கிய மண்ணையும் தண்ணீரையும் ஓடவிடுவார்கள். மற்ற கல்லெல்லாம் தண்ணீரோடு போய்விடும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நானோ தினமும் காலை வடை சுட்டு, தோசை ஊற்றி விற்கிறவள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட என் காதில் பின்பக்கம் மூடிய தோடு.

ஒட்டினால் என்ன, மேலே துடைத்தால் போகுமே என்றுதான் நானும் நினைத்தேன். விஷயம் கல்லின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. வைரத்தின் மேல்முகம் வழியாக இறங்கும் வெளிச்சம், கீழே கூம்பாக இருக்கிற பட்டைகளில் மோதித் திரும்பி மேலேயே வர வேண்டும். அப்படி வந்தால்தான் பொறி. அடியில் வெறும் காற்று இருந்தால், சுமார் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதும் வெளிச்சம் முழுக்கத் திரும்பிவிடும். அதே இடத்தில் எண்ணெய் படலம் இருந்தால் அந்த எல்லை சுமார் 37 டிகிரிக்கு ஏறிவிடும். நடுவில் இருக்கிற வெளிச்சமெல்லாம் பின்பக்கமாகக் கசிந்து போகிறது. கல் அதே கல்தான், ஆனால் கண்ணாடித் துண்டு மாதிரி செத்துப்போய்த் தெரியும்.

என் தோடு மூன்றாவது மாதமே அப்படி ஆனது. அந்த வருடத் தீபாவளிப் படத்தில் என் காதில் இருப்பது வைரம் என்று சொன்னால்தான் தெரியும். கடைக்குப் போனேன். "பாலிஷ் போட்டால் சரியாகிவிடும்" என்று 40 வெள்ளி வாங்கிக்கொண்டு இயந்திரத்தில் முக்கிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் பழையபடி மங்கியது. இப்படி மூன்று தடவை. மூன்று தடவையும் ஒருவராவது, "இது மூடிய செட்டிங், உள்ளே அடைந்திருக்கும், திறந்துதான் சுத்தம் செய்யணும்" என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கோபம் அதில்தான். கல்லைப் பற்றித் தெரிந்தவர்கள், தினமும் அதையே விற்கிறவர்கள், தெரியாதவளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எட்டு வருடத்தில் ஒரு கல் கூட விழவில்லை. திருகாணி ஒரு நாளும் தளரவில்லை. பத்தர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டு, அட்டையில் போட்டது பொய் இல்லை, நல்ல சுத்தமான கல்தான் என்றார். மூடிய செட்டிங் என்பதும் ஏமாற்று வேலை இல்லை. நம் பாட்டிமார் காலத்திலிருந்து அப்படித்தான் செய்வார்கள், காதில் உறுத்தாது, பார்க்கவும் கனமாக இருக்கும். ஆனால் பின்பக்கம் மூடியிருந்தால் கல்லின் நிறத்தையும் குறையையும் வாங்குகிறவர் சரியாகப் பார்க்க முடியாது என்பதும் உண்மை.

அப்புறம் இந்த வி.வி.எஸ். தெளிவுத் தரம் என்பது 10 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்துப் போடுவது. 5 பாயிண்ட் கல்லின் குறுக்களவு சுமார் 2.4 மில்லிமீட்டர். அந்தச் சின்னக் கல்லில் வி.வி.எஸ்-க்கும் அதற்கு அடுத்த வி.எஸ்-க்கும் உள்ள வித்தியாசத்தை எந்தச் சொந்தக்காரரும் கல்யாண மண்டபத்தில் கண்டுபிடிக்கப் போவதில்லை. அந்தப் பணம் நல்ல பட்டைக்குப் போயிருந்தால் பொறி கூடியிருக்கும். பட்டைக் கணக்கைப் பெல்ஜியத்தில் வளர்ந்த மார்செல் தோல்கோவ்ஸ்கி 1919-லேயே எழுதிவிட்டார். வைரத்துக்குத் தரம் போடும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனம் வட்டக் கல்லுக்குப் பட்டைத் தரம் போட ஆரம்பித்தது 2006-ல். ஆனால் அவர்கள் நகையில் பதிக்காத தனிக் கல்லுக்குத்தான் சான்றிதழ் தருவார்கள். தோட்டில் வருகிற பொடிக் கல்லுக்குத் தனித்தனியாக யாரும் எடுப்பதில்லை. ஆக, நம் கண்தான் தரம் போட வேண்டும். கடை விளக்கில் பார்க்கவே கூடாது, அந்த விளக்கில் எந்தக் கல்லும் ஆடும். வாசலுக்குக் கொண்டுவந்து ஐந்தடிப் பாதை நிழலில் நின்று பார்க்க வேண்டும். அங்கேயும் உயிரோடு இருந்தால் அது நல்ல பட்டை.

கரும்புள்ளி இருந்தால் ஆகாது என்று என் மாமியார் மூன்று நாள் தோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுக்கச் சொன்னார். படுத்தேன். நம்பிக்கை அவரவருக்கு. கரும்புள்ளி வேண்டாம் என்பவர்கள், "கண்ணுக்குக் கறுப்பு தெரியாத கல்" என்று கேட்டாலே போதும், உச்சத் தரம் தேவையில்லை. பழைய ஆட்கள் கேட்கிற 'ப்ளூ ஜாகர்' கூடத் தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். இப்போது வெயிலில் லேசாக நீலம் காட்டும் கல்லையெல்லாம் அந்தப் பெயரில் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்க வேண்டாம்.

2020-ல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடை போட முடியவில்லை. தோட்டை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போனேன். தங்கத்தை மட்டும் கணக்குப் போட்டு 700 வெள்ளி தருகிறோம் என்றார்கள். கல்லுக்கு ஒன்றும் இல்லை. திருப்பி வாங்கிக்கொண்டு வந்து 916 தங்கச் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது சங்கிலியால்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அம்மாவிடம் இதை இரண்டு தடவை சொன்னேன், ஏனென்றால் அவர் வைரத்தை "ஒரு சேமிப்பு" என்று சொன்னார்.

லேப் வைரம், அதாவது ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற வைரம், வாங்கலாமா என்றும் அந்தப் பெண் கேட்டாள். அதுவும் வைரம்தான், அதே கரி, அதே கடினம். 1954-லேயே அமெரிக்காவில் அழுத்தமும் வெப்பமும் கொடுத்து உருவாக்கிவிட்டார்கள். இப்போது வாயுவிலிருந்து படலம் படலமாகவும் வளர்க்கிறார்கள். கடையில் குத்திப் பார்க்கிற பேனாக் கருவிக்குப் பூமியில் எடுத்ததும் இதுவும் ஒன்றுதான். மொய்சனைட் என்ற வேறு கல்லைக்கூட வெப்பத்தை அளக்கும் பேனா வைரம் என்று சொல்லிவிடும், அதை மட்டும் பார்த்து நம்பிவிடாதே என்றேன். விலை நன்றாக இறங்கிவிட்டது. சுரங்க வைரம் விற்கிற டி பியர்ஸ் நிறுவனமே 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் வைரத்தை ஒரு கேரட் 800 டாலருக்கு விற்க ஆரம்பித்து, 2025-ல் அதை மூடப்போவதாக அறிவித்தது. காதில் மின்ன வேண்டும் என்பது மட்டும் ஆசை என்றால் லேப் வைரத்தில் எந்தக் குறையும் இல்லை. விற்றால் காசு வரும் என்று மட்டும் நினைக்கக் கூடாது.

சரி, என் தோட்டுக்கு வருகிறேன். பத்தர் பின் தகட்டில் ஒவ்வொரு கல்லுக்கும் நேராக ஒரு ஓட்டை அறுத்து, ஆடிய கல்லையும் இறுக்கி, 220 வெள்ளி வாங்கினார். இனி வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் பின்பக்கம் தேய்க்கச் சொன்னார். குளோராக்ஸ் மாதிரி ப்ளீச் பக்கமே போகக் கூடாதாம், தங்கத்தில் கலந்திருக்கும் உலோகத்தை அரித்துவிடுமாம். சங்கிலியோடு ஒரே டப்பாவில் போடவும் கூடாது, வைரம் தங்கத்தைக் கீறும். ஓங்கி அடித்தால் வைரமும் உடையும், கடினம் வேறு, உறுதி வேறு என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். தினமும் வருகிற செம்பனைத் தோட்டத்து டிரைவர் ஒருவர், "அக்கா, புதுத் தோடா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். மாரியம்மன் கோயிலில் பார்த்த அதே பொறி. எட்டு வருடமாக என் காதிலேயே இருந்திருக்கிறது, வெளியே வர வழி இல்லாமல். கண் கலங்கிவிட்டது.

ஆனாலும் அந்தப் பெண்ணிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். இருக்கிற பணத்துக்கு 916-ல் ஒரு நல்ல சங்கிலி வாங்கு, வைரம் ஐம்பது வயதில் உன் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள் என்றேன். என் தோட்டை யாராவது பத்தாயிரம் வெள்ளிக்குக் கேட்டாலும் நான் கொடுக்க மாட்டேன், அது வேறு விஷயம். அவள் நான் பேசியதையெல்லாம் கேட்டுவிட்டு, என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ட்டி, சனிக்கிழமை எங்களோட ஈப்போ வர முடியுமா?" என்றாள்.

போகிறேன். முதல் கடையிலேயே தோட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கப் போகிறோம். மூடியிருந்தால் விலை கேட்காமலேயே எழுந்துவிடுவோம்.