பழைய ஜீப்புக்கு ஆன்லைனில் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) செட் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். 38,500 ரூபாய் விட்டவன் எழுதுகிறேன்

வண்டி இன்னும் சிறுமலை வளைவில்தான் நிற்கிறது. நேற்று நான் பஸ் பிடித்து மதுரை வந்து சேரும்போது ராத்திரி மணி பத்தரை. சட்டையெல்லாம் வாழைக்கறை. படுத்தால் தூக்கம் வரவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுத்தில் சூடு தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

என்னிடம் இருப்பது 97 மாடல் மஹிந்திரா எம்எம்540. ஃபோர் வீல். முன்னாலும் பின்னாலும் பட்டைதான், காயில் ஸ்பிரிங் எல்லாம் கிடையாது. சிறுமலைப் பழையூரைத் தாண்டி அம்மா வழியில் வந்த 2 ஏக்கர் மலைவாழைத் தோட்டம் இருக்கிறது. 18 கொண்டை ஊசி வளைவு ஏறி, அப்புறம் தார் ரோட்டை விட்டு இறங்கினால் கல்லும் மண்ணும்தான். போன வருஷத்திலிருந்து வண்டி இடது பக்கம் சாய ஆரம்பித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அடியில் டொம் என்று அடிக்கும். இறங்கி நடந்தால் இடுப்பு நம்முடையது மாதிரியே இருக்காது.

விளாங்குடியில் எனக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் மாமா வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு அன்றைக்கே சொன்னார். "பட்டை நல்லாத்தான் இருக்கு மாப்ள. பட்டையைச் சேஸிஸோட பிடிக்கிற புஷ்ஷும் ஷாக்கிள் பின்னும்தான் தேஞ்சு போச்சு. செட்டை இறக்கிப் பிரிச்சு, துருவைத் தேச்சு, கிராபைட் கிரீஸ் வச்சுப் போட்டுருவோம். படுத்துப்போன பட்டையை மட்டும் ஸ்பிரிங் பட்டறையில குடுத்து வளைவு எடுத்துக்கலாம். நாலு ஷாக் அப்சார்பர் புதுசு. பதினஞ்சுக்குள்ள முடிஞ்சிரும்."

கேட்டேனா? கேட்கவில்லை. பழசைத் தேய்த்துப் போட யாருக்கு ஆசை வரும்? செல்போனைத் திறந்தால் எவனெவனோ ஆற்றுக்குள் ஜீப்பை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறான். தீபாவளி சமயத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. பெயர் சொல்லப் போவதில்லை. சமூக வலைதளத்தில் பக்கம் வைத்து ஜீப் சாமான் விற்கிறவர்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன். "புத்தம் புது செட், எக்ஸ்போர்ட் குவாலிட்டி, தீபாவளி ஆஃபர்."

நான் எப்படி நம்பினேன் என்பதைத்தான் விவரமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவன் என்னை ஆசை காட்டி ஏமாற்றவே இல்லை. நான்தான் வண்டியை 4 இன்ச் உயரமாகத் தூக்கும் கிட் வேண்டும் என்று கேட்டேன். விலை 52,000. அவன் வேண்டாம் என்றான். "540க்கு 4 இன்ச் தூக்காதீங்கண்ணே. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் மாறி வண்டி உதறும். பிரேக் ஹோஸ் எட்டாது, அதையும் நீளமா மாத்தணும். தோட்டத்துக்குப் போற வண்டிக்கு 2 இன்ச் தாராளம். எதுக்குண்ணே காசை வீணாக்குறீங்க?" சொன்னது அத்தனையும் உண்மை. மாமாவிடம் கேட்டபோது அவரும் ஆமாம் என்றார். நாம் கேட்பதைவிடக் குறைந்த விலைச் சாமானை எடுக்கச் சொல்கிறவன் திருடனாக இருப்பான் என்று யாருக்குத் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை.

அதோடு விட்டானா? வீடியோ காலில் வந்தான். ஒரு ஷாக்கைத் தரையில் நிறுத்தி, மேலே கை வைத்து அமுக்கி விட்டான். தண்டு தானாக, நிதானமாக மேலே வந்தது. "கேஸ் ஷாக்குண்ணே, பாருங்க, உயிரோட இருக்கு." நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். வீட்டில், "நேர்ல பாக்காம எப்படிங்க அவ்வளவு காசு போடுவீங்க?" என்று கேட்டாள். அதான் வீடியோவில் பார்த்தாச்சே என்று எரிந்து விழுந்தேன். அட்வான்ஸ் 10,000. லாரியில் ஏற்றும் முன் பாக்கி 28,500. ஆக மொத்தம் 38,500 ரூபாய், இரண்டும் யூபிஐயில், இரண்டும் ஒரே வாரத்தில்.

பார்சல் ஆபீசில் இருந்து சாக்கு சுற்றி வந்தது. சாக்கை அவிழ்த்ததும் பளபளவென்று கறுப்புப் பெயிண்ட் மின்னியது. மாமா ஒரு பட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "பெயிண்ட் புதுசு, சென்டர் போல்ட் புதுசு, யூ போல்ட் புதுசு. இரும்பு புதுசான்னுதான் தெரியல" என்றார். நாலு ஷாக்கையும் அமுக்கிப் பார்த்தோம். இரண்டு எழுந்து வந்தன. இரண்டு அமுக்கின இடத்திலேயே கிடந்தன. உடனே போன் போட்டேன்.

"குளிர்ல அப்படித்தாண்ணே இருக்கும். வண்டி ஓடி சூடானா சரியாயிரும்."

மதுரையில் குளிராம்! அங்கேயே சாக்கைக் கட்டித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். "இவ்வளவு தூரம் வந்துருச்சு, போடுங்க மாமா" என்று சொன்னது நான்தான். அந்தப் பழி என்னுடையது.

மூன்று வாரம். அதற்குள்ளேயே இடது பின்பக்கம் பழையபடி ஒரு விரற்கடை இறங்கிவிட்டது. நேற்று 12 வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கினேன், பெரிய லோடே இல்லை. பாதி மலை இறங்கியிருப்பேன், ஒரு வளைவில் பிரேக் மிதித்ததும் பின்னால் ணங் என்று ஒரு சத்தம். வண்டி தானாக ஒரு பக்கம் இழுத்தது. ரப்பர் கருகும் வாசம். மலைப்பக்கமாக ஒடித்துக் கல்லில் சாய்த்து நிறுத்தினேன். பள்ளத்தின் பக்கம் இழுத்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவதுதான் எழுதியிருப்பார்கள்.

குனிந்து பார்த்தால் மெயின் பட்டை முன் கண்ணுக்கு (பின் நுழையும் நுனி வளையம்) பக்கத்தில் முறிந்து, ஆக்சில் பின்னால் நகர்ந்து, டயர் மட்கார்டில் உரசிக்கொண்டிருக்கிறது. முறிந்த துண்டு கையோடு வந்துவிட்டது. செல்போன் லைட்டில் அதைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. முறிந்த முகத்தில் கால்வாசிதான் புது இரும்பின் பளபளப்பு. மற்றதெல்லாம் பழைய துரு. அந்தத் துருவுக்கு மேல் கறுப்புப் பெயிண்ட் இறங்கியிருக்கிறது. புரிகிறதா? பெயிண்ட் அடிக்கும்போதே அதில் விரிசல் இருந்திருக்கிறது. ஏதோ வண்டியில் ஓடிச் செத்த பட்டையை கேஸ் வைத்துச் சூடு காட்டி வளைத்து, பெயிண்ட் அடித்து, எனக்குப் புதுசு என்று விற்றிருக்கிறான். அப்படிக் கண்டபடி சூடு காட்டினால் ஸ்பிரிங் இரும்பின் பதம் போய்விடும், வளைவு நிற்காது. மூன்று வாரத்தில் இறங்கியதற்குக் காரணம் அதுதான் என்று மாமா போனிலேயே சொல்லிவிட்டார்.

அப்புறம் ஆரம்பித்தது நாடகம். முதல் பதில்: "லோடு ஏத்துனீங்களாண்ணே?" ஜீப்பில் லோடு ஏற்றாமல் பூஜையா போடுவார்கள்? இரண்டாவது: "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" எடுக்கவில்லை என்றதும் குரலே மாறிவிட்டது. அந்த "அண்ணே" அதோடு போயிற்று, "சார்" ஆகிவிட்டேன். மூன்றாவது முறை வேறொருவன் எடுத்து, ஓனர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், இந்த நேரத்தில் டென்ஷன் பண்ணாதீங்க என்கிறான். 38,500 ரூபாயை வாங்கும்போது மாலை போடவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு என் நம்பரில் இருந்து போன் போகவில்லை, வாட்ஸப்பில் ஒற்றை டிக். அந்தப் பக்கத்தைப் பற்றி வலைதளத்தில் புகார் கொடுத்தால், விதிமுறை மீறல் எதுவும் இல்லை என்று கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது. எந்த மகராசன் படித்துப் பார்த்தானோ.

அவன் கொடுத்த பில்லை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன். மேலே "எஸ்டிமேட்" என்று இருக்கிறது. ஜிஎஸ்டி எண் இல்லை, கடை முகவரி இல்லை. காலையில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆனால் முகவரி இல்லாதவன் மேல் நோட்டீஸ் எங்கே அனுப்புவது என்று வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

குறைந்த செலவில் பழைய ஜீப்புக்கு என்னென்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தோன்றுவதை மட்டும் சொல்கிறேன். முதலில் புஷ், ஷாக்கிள், ஷாக் மூன்றையும் மாற்றிப் பாருங்கள், பாதி வண்டிக்கு அதுவே போதும். பட்டை வாங்கினால் கண்ணுக்குப் பக்கத்தில் தின்னர் போட்டுத் துடைத்துப் பாருங்கள். பட்டைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று உரசிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள், புதுசில் அது இருக்காது. கேஸ் ஷாக் என்று சொல்லி விற்றால் ஒன்று விடாமல் அமுக்கிப் பாருங்கள். பட்டையை ஆக்சிலோடு இறுக்கும் யூ போல்ட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டியதும் மறுபடி முறுக்குங்கள். முன் ஆக்சிலுக்குக் கட்டை வைத்து உயர்த்தலாம் என்று யாராவது சொன்னால் போனை வையுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். வண்டியை உயர்த்துவதே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் மாட்டும் என்று யாராவது சொல்ல வருவீர்கள், தெரியும், அதற்கு இன்னொரு நாள் திட்டுங்கள்.

12 தாரையும் அந்த வழியாக வந்த வேனில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். அதை 38,500-இல் சேர்க்கவில்லை. மாட்டுவதற்குக் கொடுத்த கூலியையும் சேர்க்கவில்லை.

இப்போது மாமா போன் பண்ணினார். நாளைக்குக் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பிச் சிறுமலைக்குப் போகிறோம். என் பழைய பட்டை செட்டைக் காயலான் கடையில் போட்டுவிடுங்கள் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். அவர் போடவில்லையாம். பட்டறை மூலையில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாராம்.