பருப்பு மாவைப் பிரித்துத் தரும் பீன்யா ஆலை: பாசிப்பருப்புக்குச் சரி, கடலைப்பருப்புக்கு வேண்டாம்

பருப்பு மாவைப் புரதம் மிகுந்தது, மாவுச்சத்து மிகுந்தது என இரண்டாகப் பிரித்துக் கூலிக்குத் தரும் சிறு ஆலை ஒன்று பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் இயங்குகிறது. அல்சூரில் தின்பண்டம் செய்து விற்கும் நாங்கள் பாசிப்பருப்பையும் கடலைப்பருப்பையும் அங்கே கொடுத்துப் பார்த்தோம்.

இங்கே தண்ணீர் சேர்ப்பதில்லை. பருப்பை மிக நைசாக அரைத்து, காற்றோட்டத்தில் சுழலும் சக்கரத்தை நோக்கிச் செலுத்துகிறார்கள். பாசிப்பருப்பின் மாவுச்சத்து மணிகள் பெரும்பாலும் 10 முதல் 30 மைக்ரான் வரை இருக்க, புரதத் துணுக்குகள் சில மைக்ரான்களே இருப்பதால், நுண்ணியவை காற்றோடு சக்கரத்தைக் கடந்துபோய் ஒரு பையிலும், பருத்தவை வெளியே தள்ளப்பட்டு வேறொரு பையிலும் சேர்கின்றன. சூட்சுமமெல்லாம் அரைப்பதில்தான் இருக்கிறது: கரகரப்பாக விட்டால் புரதம் மணியோடு ஒட்டிக்கொண்டே போய்விடும், அளவு மீறினால் மணியும் உடைந்து புரதப் பைக்குள் விழும்.

பாசிப்பருப்பில் வேலை சுத்தம். ஏறத்தாழ 24 சதவீதப் புரதமுள்ள பருப்பிலிருந்து வந்த நுண்மாவில், ஆய்வக அறிக்கைப்படி, அது 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. எனினும் எனக்குப் பிடித்தது மற்ற பைதான். அந்த மாவில் காய்ச்சிய கூழ் ஆறியதும் கத்தியால் துண்டு போடும் அளவுக்கு இறுகியது. அதில் பிழிந்த வடகம் நன்றாகப் பொரிந்தது. புரத மாவில் பச்சை வாடை தூக்கலாக இருப்பதால் அடை மாவில் சிறிதளவே சேர்க்க முடிகிறது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் இந்தப் பக்கமே அதிகம் சேர்கின்றன என்பதை வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

கடலைப்பருப்பில் 5 முதல் 6 சதவீதம் வரை கொழுப்பு உண்டு. பாசிப்பருப்பில் அது 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அந்தக் கொழுப்பினால் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகளாகிவிட, இரு பைகளுக்கும் பெரிய வேறுபாடே தெரியவில்லை. இதை முன்கூட்டியே சொல்லாமல் முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டது முறையல்ல.

புரதப் பையில் ‘ஐசோலேட்’ என்று ஒட்டியிருந்ததும் தவறு. காரநீரில் கரைத்து, அமிலம் சேர்த்துப் படியவைத்து எடுக்கும் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட புரதத்துக்கே அந்தப் பெயர் பொருந்தும்; இந்த மாவை விற்போர் அதே சீட்டோடு கடைக்கு அனுப்பக் கூடாது.

கொடுப்பதாக இருந்தால் மூட்டைக் கணக்கில் கொடுப்பதே நல்லது, ஏனெனில் குழாய்களிலும் வடிகட்டிப் பைகளிலும் தங்கிவிடும் மாவு சிறிய அளவுகளில் பெரிய இழப்பாகிவிடுகிறது.