பெத்தகான ஈரநிலப் பூங்கா: நுழைவுச்சீட்டுக்கு மேலான பெறுமதி

கொழும்பை அடுத்த கோட்டேயில் ஏறத்தாழ 18 ஹெக்டேயர் சதுப்பு நிலத்தில் அமைந்திருக்கும் பெத்தகான ஈரநிலப் பூங்காவை நகர அபிவிருத்தி அதிகார சபை பராமரித்து வருகிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் காலிமுகத்திடலுக்கோ தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கோ கூட்டிச்செல்லும் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் குடும்பங்கள் ஒருமுறை இங்கும் வந்து பார்க்க வேண்டும். உள்ளூரவருக்கான கட்டணம் ஒரு கொத்து ரொட்டியின் விலைக்குக்கூட வராது.

வெயில் ஏறுமுன் போவதே நல்லது. நீருக்கு மேலாகச் செல்லும் நடைபாதையில் சத்தமின்றி நடந்தால் பறவைகள் அஞ்சி ஓடுவதில்லை. ஊதாநிறத் தாழைக்கோழி ஒன்று கோரைத் தண்டைப் பிடுங்கி, ஒரு காலின் நீண்ட விரல்களால் அதைப் பற்றியபடி, வெண்மையான அடிக்குருத்தை மட்டும் அலகால் உரித்துத் தின்பதைச் சில அடி தூரத்திலிருந்தே பார்க்கலாம். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். நீர்க்காகமும் மடையானும் தாராளமாகத் தென்படும். கொழும்பின் சதுப்பு நிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனை இரவில் நடமாடும் விலங்கு என்பதால், அதைக் காணலாம் என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டாம்.

இந்தப் பூங்காவுக்கு நான் உயர்ந்த மதிப்பெண் அளிப்பதற்குப் பறவைகள் மட்டும் காரணமல்ல. 2010 நவம்பர் மாத மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் மூழ்கியதைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பின்னர் 2012இல் உலக வங்கியின் 213 மில்லியன் டொலர் கடனுடன் தொடங்கிய கொழும்புப் பெருநகர அபிவிருத்தித் திட்டம், கால்வாய்களைச் சீரமைத்ததோடு நின்றுவிடாமல், எஞ்சியிருந்த ஈரநிலங்களைக் காப்பதற்கும் பணம் ஒதுக்கியது; பெத்தகான பூங்கா அதன் விளைவுகளில் ஒன்று. கோட்டேப் பகுதியில் பெய்யும் மழைநீரில் ஒரு பங்கு கிருலப்பனைக் கால்வாய் வழியாக வந்து வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கடலில் சேருகிறது. மேற்பகுதியில் இருக்கும் சதுப்பு நிலம் அந்த நீரைத் தேக்கிவைத்து மெதுவாக விடாவிட்டால், கால்வாயோரத்து வீடுகளும் கடைகளும்தான் முதலில் நனையும். ஈரநிலங்கள் முற்றாக அழிந்தால், பெருநகரக் கொழும்பின் மொத்த உற்பத்தியில் சராசரியாக 1 சதவீதம் ஆண்டுதோறும் வெள்ளச் சேதத்தில் கரைந்துவிடும் என்று அத்திட்டத்துக்கான ஆய்வு மதிப்பிட்டது. எனவே, தாழைக்கோழிக்காகச் செலவிட்ட பணம் காலி வீதிப் புடவைக்கடைக்காரரின் சரக்கையும் காப்பாற்றுகிறது என்று சொல்வதில் மிகை எதுவும் இல்லை.

2018 ஒக்டோபரில் டுபாயில் நடந்த, ஈரநிலப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் மாநாட்டில், உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பு அங்கீகரிக்கப்பட்டது. தலைநகரத்துக்குள்ளேயே காட்டுயிர்களைக் காட்ட முடிவது சுற்றுலா வழிகாட்டிகளுக்கும் முச்சக்கரவண்டிச் சாரதிகளுக்கும் பிழைப்புக்கு உதவும். ஆகாயத்தாமரை, சல்வீனியா ஆகிய மிதக்கும் களைகள் நீரை மூடிவிடாமல் அகற்றுவது முடிவில்லாத வேலை. அந்தக் கூலியும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்கே போய்ச் சேர முடியும்.

கட்டணம் அறவிடும் இத்தகைய பூங்காக்கள் எல்லாம், கிடைத்த வருமானம் எவ்வளவு, அதில் நிலத்தின் பராமரிப்புக்குச் சென்றது எவ்வளவு என்பதை ஆண்டுக்கொருமுறை மூன்று மொழிகளிலும் வாயிலில் எழுதி வைக்க வேண்டும். இன்னும் சிறிது கூட்டிக் கேட்டாலும் மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள். தொலைநோக்கி, தண்ணீர், கொசுவுக்குப் பூசும் களிம்பு ஆகியவற்றை மறக்காமல் எடுத்துச்செல்லுங்கள். நேரம் மிஞ்சினால், தலவத்துகொடையிலுள்ள தியசரு பூங்காவையும் அதே காலையில் பார்த்துவிட்டு வரலாம்.