பிளேலிஸ்டை அழித்தால் என்ன மிஞ்சும்? ஸ்பொட்டிஃபை, யூடியூப், அப்பிள் மியூசிக், மெமரி காட்: ஓர் ஒப்பீடு

பாட்டுச் செயலிகளை ஒப்பிடுகிறவர்கள் எத்தனை கோடிப் பாட்டு இருக்கிறது, மாதக் கட்டணம் எவ்வளவு, ஒலி எப்படி என்பதோடு நிறுத்திவிடுவார்கள். பட்டியல் போடுவது எல்லாச் செயலியிலும் லேசான வேலைதான். அழிக்கும்போதுதான் ஒவ்வொன்றின் குணமும் தெரியவரும். மட்டக்களப்பில் பல வீடுகளில் ஒரே போனை அம்மா, பிள்ளைகள், பெரியப்பா என்று எல்லோரும் பாவிக்கிறார்கள். போன் நிரம்பியதும் பழையதைக் கழிக்கும் வேலை வீட்டில் உள்ள பிள்ளையின் கைக்குத்தான் வரும். அதனால் நான் மூன்று விசயங்களை வைத்துத்தான் பார்க்கிறேன். தவறி அழித்தால் திரும்ப வருமா? நான் அழித்தால் அடுத்தவரிடம் இருப்பதும் போகுமா? யாரும் தொடாமலே பட்டியலில் இருந்து ஏதாவது காணாமல் போகுமா?

ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்தது 2021 பெப்ரவரியில். அதில் பட்டியலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, டிலீட் கொடுத்து உறுதிசெய்தால் வேலை முடிந்தது. வேறொருவர் செய்த பட்டியல் என்றால் உங்கள் லைப்ரரியில் இருந்து எடுக்கத்தான் முடியும். அவருடையதற்கு ஒன்றும் ஆகாது. தவறி அழித்தவர்களுக்கு இங்கே நல்ல வழி இருக்கிறது. பிரவுசரில் ஸ்பொட்டிஃபை தளத்துக்குள் நுழைந்து உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போனால், பிளேலிஸ்ட்டை மீட்கும் பகுதி ஒன்று இருக்கும். அழித்து 90 நாள் ஆகாத பட்டியல்களை அங்கே திரும்ப எடுக்கலாம். இது நல்ல தவணை. வைகாசிச் சடங்குக்குத் தொகுத்த பட்டியலை ஆனி பிறந்ததும் அழித்துவிட்டு ஆவணி பிறந்த பிறகு தேடினாலும் கிடைக்கும். ஆனால் முழுப் பட்டியலை அழித்தால்தான் இந்த வசதி. உள்ளே இருந்து தனித்தனியாக எடுத்த பாட்டுகள் இப்படித் திரும்பி வராது.

இரண்டாவது கேள்விக்கு ஸ்பொட்டிஃபை தரும் பதில் பலருக்குத் தெரியாது. அங்கே பட்டியல் என்பது உண்மையில் அழிவதே இல்லை. உரிமையாளர் டிலீட் கொடுத்தாலும் நடப்பது ஒன்றுதான்: அவர் அந்தப் பட்டியலைப் பின்தொடர்வதை விட்டுவிடுகிறார். மென்பொருள் எழுதுகிறவர்களுக்காக அந்த நிறுவனம் வைத்திருக்கும் விளக்கத்திலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது. ஆகவே நீங்கள் கல்லடியில் இருந்து ஒரு பட்டியலை அழித்தாலும், அதை முன்பே சேமித்துவைத்திருந்த டோஹா மச்சானின் போனில் அது ஓடிக்கொண்டே இருக்கும். குடும்பத்துக்கு இது நல்லது. ஒருவர் கோபத்தில் அழித்தாலும் மற்றவர்களுக்குப் பாட்டு மிஞ்சும். ஆனால் யாரிடமும் இருக்கக்கூடாது என்று நினைத்து அழிக்கிறவருக்கு இது போதாது. அவர் முதலில் உள்ளே இருக்கும் பாட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, பெயரையும் மாற்றிவிட்டுத்தான் பட்டியலை அழிக்க வேண்டும். கம்பியூட்டரில் எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவுசெய்து அழிக்கலாம் என்பதால் இது பெரிய வேலை இல்லை. அப்படி வெறுமையாக்கிய பட்டியலை 90 நாளுக்குள் மீட்டால் வெறும் பட்டியல்தான் வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

யூடியூபில் நிலைமை நேர்மாறு. அங்கே பட்டியலை அழித்தால் அழித்ததுதான். குப்பைத்தொட்டி இல்லை, தவணை இல்லை, மீட்கும் பக்கமும் இல்லை. யூடியூப் மியூசிக் பாவிக்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: இரண்டும் ஒரே கணக்கில் ஓடுவதால் மியூசிக் செயலியில் அழிக்கும் பட்டியல் யூடியூபில் இருந்தும் போய்விடும். “இது வேற ஆப் தானே, இதில அழிச்சா அதில இருக்கும்” என்று நினைத்து அழிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அப்புறம் பட்டியலைத் துப்புரவாக்கும் வேலையும் சிரமம். ஒவ்வொரு வீடியோவின் மூன்று புள்ளியையும் தொட்டுத் தொட்டு நீக்க வேண்டும். பிறகு பார்ப்பதற்கென்று சேமிக்கும் பட்டியலில் மட்டும், பார்த்து முடித்தவற்றை ஒரே தட்டில் கழிக்க வழி உண்டு. அந்தப் பட்டியலையும் விரும்பிய வீடியோக்களின் பட்டியலையும் முழுதாக அழிக்க முடியாது. அவை கணக்கோடு பிறந்தவை.

இவ்வளவு குறை இருந்தும் எங்கள் பக்கத்து ஆட்கள் யூடியூபை விட முடியாது. காரணம், எங்கள் பாட்டு அங்கேதான் இருக்கிறது. கண்ணகி அம்மன் கோயில்களின் குளிர்த்திப் பாடல், வசந்தன், விடிய விடிய ஆடும் வடமோடி தென்மோடிக் கூத்து, அக்கரைப்பற்றுப் பக்கத்துப் பொல்லடி, வயல் வேலையில் பாடிய கவிகள் என்று ஊர்க்காரர் போனில் எடுத்து ஏற்றியவற்றைக் காசு கட்டும் பாட்டுச் செயலிகளில் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அங்கே பாட்டு ஏற வேண்டும் என்றால் வெளியீட்டாளர் ஒருவர் வேண்டும். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் பாட்டைக் கூத்துக் களரி ஓரத்தில் நின்று பதிவுசெய்த பையனுக்கு அது கிடையாது.

அதனால்தான் மூன்றாவது கேள்வி எனக்கு முக்கியம். யூடியூபில் ஏற்றியவர் வீடியோவை அழித்தாலோ, தனிப்பட்டதாக மாற்றினாலோ, சனலையே மூடினாலோ உங்கள் பட்டியலில் இருந்து அது மறைந்துவிடும். கிடைக்காத வீடியோக்களைக் காட்டும்படி கேட்டாலும் அழிக்கப்பட்ட வீடியோ என்று மட்டும்தான் இருக்கும். அது எந்த ஊர்க் கூத்து, யார் பாடியது என்ற ஒன்றும் தெரியாது. பெயர் தெரிந்தால் வேறிடத்தில் தேடலாம், ஏற்றியவரைப் பிடித்துக் கேட்கலாம். பெயரே போனால் எதைத் தேடுவது? ஸ்பொட்டிஃபையில் உரிமை முடிந்து பாட்டு போனாலும், கம்பியூட்டர் செயலியின் அமைப்பில் கிடைக்காத பாட்டுகளையும் காட்டச் சொன்னால் பெயர் மங்கலாகத் தெரியும். படப் பாட்டுக்கு இது சின்ன வசதி. ஊர்ப் பாட்டுக்கு இந்தச் சின்ன வசதிதான் உயிர், அதுவோ யூடியூபில் இல்லை. யூடியூபில் பட்டியல் வைத்திருப்பவர்கள் அதன் விவரக் குறிப்புப் பகுதியில் ஊர், கோயில், பாடியவர், வருடம் என்று எழுதிவைக்கும்படி வேண்டிக் கேட்கிறேன். இரண்டு நிமிட வேலை இது.

அப்பிள் மியூசிக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இலவசமாகக் கேட்கும் வழி அதில் இல்லை. வெளிநாட்டு உறவினர் கொடுத்த ஐபோன் உள்ளவர்கள் பாவிக்கிறார்கள். லைப்ரரி எல்லாக் கருவிக்கும் ஒத்தோடும்படி வைத்திருந்தால், போனில் அழித்த பட்டியல் அதே அப்பிள் கணக்கில் உள்ள ஐபேட்டிலும் போய்விடும். கவனிக்க வேண்டிய இடம் அந்த மெனு. தரவிறக்கத்தை மட்டும் நீக்குவது, லைப்ரரியில் இருந்தே அழிப்பது என்ற இரண்டும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இடம் எடுப்பதற்கு முதலாவது போதும்.

இந்த வித்தியாசம் ஸ்பொட்டிஃபையிலும் உண்டு. காசும் இதில்தான் போகிறது. போனில் இடம் இல்லை என்றால் பட்டியலை அழிக்கத் தேவையில்லை. தரவிறக்கக் குறியை ஒருமுறை தொட்டு இறக்கியதை மட்டும் கழித்தால் பட்டியல் அப்படியே இருக்கும். ஆனால் திரும்ப இறக்க டேட்டா வேண்டும். 320 கிலோபிட் ஒலித் தரத்தில் ஒரு மணிநேரப் பாட்டு ஏறத்தாழ 144 எம்பி. பத்து மணிநேரப் பட்டியல் என்றால் 1.4 ஜிபிக்கு மேல். 96 கிலோபிட்டுக்கு இறக்கினால் மணிக்கு 43 எம்பியோடு முடியும், ஓட்டோவில் கேட்பதற்கு அது தாராளம். ரீலோட் போட்டு எண்ணி எண்ணிப் பாவிக்கிற வீட்டில் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று: ஸ்பொட்டிஃபையில் இறக்கிய பாட்டுகள் ஓட வேண்டும் என்றால் 30 நாளைக்கு ஒருமுறையாவது போன் இணையத்துக்கு வர வேண்டும், பிரீமியம் கட்டணம் நின்றால் அவையும் நின்றுவிடும்.

நான்காவது போட்டியாளர் பழைய மெமரி காட். களுவாஞ்சிக்குடியில் சரி கல்முனையில் சரி, சவுண்ட் சேர்விஸ் நடத்துகிறவர்களும் பஸ் சாரதிகளும் இன்னும் இதைத்தான் நம்புகிறார்கள். பழக்கம் மட்டும் காரணம் இல்லை. 128 கிலோபிட் எம்பித்ரீ நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 எம்பி என்பதால் 8 ஜிபி காட்டில் நாலு நிமிடப் பாட்டு இரண்டாயிரம் அளவில் கொள்ளும். சாமத்திய வீட்டில் மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடினாலும், சிக்னல் இல்லாத வயல்கரைக் கோயிலாக இருந்தாலும் பாட்டு நிற்காது. அழிக்கும் விசயத்திலும் இதுதான் எனக்குப் பிடித்த முறை. கம்பியூட்டரில் செய்யும் எம்த்ரீயூ பட்டியல் என்பது எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுதிய சாதாரண எழுத்துக் கோப்பு. அதை அழித்தால் வரிசை மட்டும்தான் போகும், பாட்டு அப்படியே இருக்கும். “பட்டியல அழிச்சா பாட்டெல்லாம் போயிருமா மகன்?” என்று ஒரு மாமா கேட்டால், காட்டைப் பொறுத்தவரை போகாது என்று தைரியமாகச் சொல்லலாம். குறை என்னவென்றால், பாட்டுக் கோப்பின் பெயரை மாற்றினாலோ வேறு ஃபோல்டருக்குத் தள்ளினாலோ பட்டியலுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. காட் பழுதானால் எல்லாம் ஒன்றாகப் போகும். ஆகவே இரண்டாவது பிரதி ஒரு பென் டிரைவிலோ கம்பியூட்டரிலோ கட்டாயம் இருக்க வேண்டும்.

நிறுவனம் மூடுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கூகுள் பிளே மியூசிக் பல நாடுகளில் நன்றாக ஓடிய சேவை. 2020 டிசம்பரில் அதை நிறுத்தினார்கள். பட்டியல்களை மாற்றிக்கொள்ளக் கொடுத்த கடைசித் தவணை 2021 பெப்ரவரி 24. மாற்றாதவர்களின் லைப்ரரி முழுதாக அழிந்தது.

என் தெரிவைச் சொல்கிறேன். படப் பாட்டு, பக்திப் பாட்டு, பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்பவை எல்லாம் ஸ்பொட்டிஃபையில் இருக்கட்டும். பலர் கைபடும் பட்டியலுக்கு 90 நாள் மீட்பைவிட நல்ல பாதுகாப்பு மற்ற இரண்டு செயலிகளிலும் இல்லை. ஊர்ப் பாட்டை யூடியூபில் கேளுங்கள், பட்டியலும் வைத்திருங்கள், ஆனால் அதையே பெட்டகமாக நம்பாதீர்கள். நீங்களோ உங்கள் ஆட்களோ எடுத்த பதிவென்றால் மூலக் கோப்பை ஊர், வருடம் போட்டுப் பெயரிட்டு மெமரி காட்டில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள். வேறொருவர் ஏற்றியதென்றால் அவரிடம் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள். கூத்துக்காரர்கள் மறுப்பது குறைவு. கல்லடியில் விபுலானந்தர் பெயரில் இருக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்து மாணவர்கள் பாடத்துக்காகத் தொகுக்கும் பட்டியல்களுக்கும் இதையே சொல்வேன்.

பட்டியலின் நகலை எடுக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் வழி உண்டு. ஸ்பொட்டிஃபையில் கணக்கின் தனியுரிமைப் பக்கத்தில் கேட்டால் பட்டியல்கள் பாட்டுப் பெயரோடு கோப்பாக வரும், 5 நாள் வரை எடுக்கும். கணக்கில் உள்ளவற்றை நகலெடுத்துத் தரும் கூகுளின் டேக்அவுட்டில் யூடியூப் பட்டியலும் வரும், ஆனால் அதில் வீடியோவின் அடையாள எழுத்துகள்தான் இருக்கும், தலைப்பு இருக்காது. ஆகவே யூடியூபுக்கு இன்றே ஒருமுறை பட்டியலைத் திறந்து, பக்கம் பக்கமாக ஸ்கிரீன்ஷொட் எடுத்துவிடுங்கள். தலைப்புகள் தெரியும்போதே எடுத்தால்தான் உண்டு.