நூறைத் தாண்டினால் மிதக்கும் கார்: டயர் மாற்றிய பிறகு என் கருத்து

என்னிடம் இருக்கும் இதே மாடல் காரை இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மைலேஜ், இன்ஜின், டிக்கி அளவு எல்லாம் அவருக்கே தெரியும், அதனால் விட்டுவிடுகிறேன். இன்ஜின் அருமை. சீட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காது. ஏசியில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: 100 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் இந்த கார் எப்படி நடந்துகொள்கிறது? வாங்கியதிலிருந்து என்னை எரிச்சல்படுத்தியது அது. டயர் மாற்றிய பிறகு என்னை அசத்தியதும் அதுவே.

என்னுடையது பேஸ் வேரியன்ட், அதாவது வசதிகள் குறைந்த அடிப்படை வகை. கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் 195/65 ஆர்15: அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 இன்ச். 80 வரை ஒரு தொந்தரவும் கிடையாது. 100-ஐ நெருங்க நெருங்க நேராகப் பிடித்திருக்கும் ஸ்டீயரிங்கில் உயிரே இருக்காது. லேசாக இடப்பக்கம் திருப்பினால் உடனே ஒன்றும் நடக்காது. ஒரு கணம் கழித்து, நாம் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திரும்பும். சரி என்று வலப்பக்கம் எடுத்தால் மறுபடியும் அதே கதை. வளைவே இல்லாத சாலையிலும் கை சும்மா இருக்க முடியாது. 100-இல் போகும்போது கார் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் கடந்துவிடுகிறது. அந்த வேகத்தில் இப்படித் தயங்கித் தயங்கிப் பதில் சொல்லும் காரை ஓட்டினால், ஊர் போய்ச் சேரும்போது தோள்பட்டை இறுகிப் போயிருக்கும்.

சர்வீஸ் சென்டரில் சொல்லும்போதெல்லாம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம் பார்த்து, “எல்லாம் லிமிட்டுக்குள்ளதான் சார் இருக்கு” என்று ஒரு தாளை நீட்டுவார்கள். தாளில் தப்பில்லை, அலைன்மென்ட் உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொன்ன குறை வேறு, அவர்கள் தேடிய குறை வேறு. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் அது வீல் பேலன்சிங், சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாத குறை. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால் அலைன்மென்ட்டையோ காற்றழுத்தத்தையோ பார்க்க வேண்டும். என் கார் நடுங்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. மிதந்தது. இந்த மிதப்புக்கு அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

டயர் எப்படி வேலை செய்கிறது என்று படித்த பிறகுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் டயர் உடனே பக்கவாட்டு விசையைத் தந்துவிடாது. சாலையோடு ஒட்டியிருக்கும் ரப்பர் முதலில் கொஞ்சம் முறுக்கிக்கொள்ள வேண்டும், அடுத்து டயரின் பக்கச் சுவர் சாய வேண்டும், அப்புறம்தான் காரைத் திருப்பும் விசை பிறக்கும். பக்கச் சுவர் எவ்வளவு உயரமோ, எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தாமதம். மெத்தை மேல் நின்றுகொண்டு எதிரில் இருப்பவரைத் தள்ளிப் பார்த்தால் இது புரியும். 195/65 என்றால் பக்கச் சுவர் சுமார் 127 மி.மீ. அதே காரின் டாப் வேரியன்ட்டில் வரும் 205/55 ஆர்16-இல் சுமார் 113 மி.மீ. டயரின் மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய 63 செ.மீ. தான், அதனால் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வராது.

அளவு பாதிதான், மீதி டயரின் உள்கட்டமைப்பு. பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் 91எச், 91வி என்று போட்டிருக்கும். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை, வி என்றால் 240 வரை. ‘நான் என்ன 240-லயா போகப்போறேன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. யாரும் போக வேண்டாம். ஆனால் அந்த வேகத்தைத் தாங்குவதற்காக, பெரும்பாலும் டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி அடுக்கான ஸ்டீல் பெல்ட்டுக்கு மேல் நைலான் அடுக்கு போட்டு இறுக்கமாகச் செய்திருப்பார்கள். அந்த இறுக்கம் 110-லேயே கையில் தெரியும்.

பழைய டயர் தேய்ந்து முடிந்ததும் 16 இன்ச் ரிம்மோடு 205/55 வி ரேட்டிங் டயருக்கு மாறினேன். எடை தாங்கும் எண்ணான லோடு இண்டெக்ஸ் அதே 91, கம்பெனியே டாப் வேரியன்ட்டுக்குக் கொடுக்கும் அதே அளவு. முதல் சில நூறு கிலோமீட்டர் ஒன்றும் புரியவில்லை. புது டயரில் வார்ப்பு அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய வழவழப்பு மிச்சமிருக்கும், முழு உயரத்தில் நிற்கும் ரப்பர் கட்டைகளும் கொஞ்சம் நெளியும். அது தேய்ந்ததும் கார் வேறு காராகிவிட்டது. நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட வலது வளைவு. முன்பு அதில் நாலைந்து முறை திருத்தித் திருத்திப் போவேன். இப்போது ஸ்டீயரிங்கை ஒரு தடவை வைத்தேன், வைத்த இடத்திலேயே நின்றது, வளைவு முடியும் வரை கையை அசைக்கவே இல்லை. பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழவில்லை. எனக்கு மட்டும் வண்டியை நிறுத்தி யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

இதற்கு விலை உண்டு. குழிகளில் இறங்கினால் முன்பைவிடத் தடதடக்கிறது. கரடுமுரடான தாரில் சத்தம் அதிகம். பக்கச் சுவர் குட்டை என்பதால் கூர்மையான பள்ளத்தில் ரிம் அடிபடும் பயமும் கூடவே வருகிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் 65-லேயே இருக்கட்டும்.

காற்றழுத்தத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செலவே இல்லாமல் பாதி மிதப்பை அது குறைக்கும். டயர் சூடாகும் முன்பே பார்க்க வேண்டும். வெளியே 10 டிகிரி குளிர்ந்தாலே அழுத்தம் 1 முதல் 2 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கிவிடும். நாலு பேரும் டிக்கி நிறையப் பெட்டியுமாகப் போகும்போது பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் லேசாகிறது, ஸ்டீயரிங் இன்னும் மந்தமாகிறது. டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழு லோடுக்குத் தனி அழுத்தம் போட்டிருக்கும். என் காரில் பின் டயருக்கு 36, தனியாகப் போகும்போது 32. அந்த ஸ்டிக்கரைப் பார்க்காமல் பலர் எல்லா டயருக்கும் ஒரே அளவு அடித்துவிடுகிறார்கள், அது சரியில்லை. இரண்டே டயர் மாற்றுவதாக இருந்தால் புதியவை பின்னால் போக வேண்டும். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும்.

இனி டயரால் தீராதது. பக்கக் காற்று பலமாக வீசும் திறந்தவெளியில் ஒரு நீளமான கன்டெய்னர் லாரியைத் தாண்டிப் பாருங்கள். லாரியின் மறைவுக்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று நின்றுபோகும், அதுவரை காற்றுக்கு எதிராகப் பிடித்திருந்த ஸ்டீயரிங் காரை லாரிப் பக்கம் கொண்டுபோகும். லாரியின் மூக்கைத் தாண்டியதும் காற்று மொத்தமாக வந்து முன்பக்கத்தில் அறையும். புது டயரிலும் இது நடக்கிறது, திருத்துவது மட்டும் சுலபமாகிவிட்டது. இது உடலமைப்பின் குணம். பக்கக் காற்று காரை அழுத்தும் மையம் எடை மையத்துக்கு முன்னால் இருந்தால், காற்று காரைத் தள்ளுவதோடு மூக்கையும் திருப்பிவிடும். உயரமான உடலும் உருண்டையான பின்பக்கமும் சேர்ந்தால் இது இன்னும் மோசம்.

மேலே தூக்கும் விசை இன்னொன்று. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: 60-இல் இருப்பது 120-இல் நாலு மடங்கு. வழவழவென்று சரிந்து இறங்கும் பின்பக்கத்தில் காற்று ஒட்டிக்கொண்டே போய் அதை மேலே இழுக்கும், பின் டயரின் பிடிப்பு குறையும். 1998-இல் வந்த முதல் ஆடி டிடி கார் இதற்குப் பெரிய உதாரணம். அழகான உருண்டைப் பின்பக்கம், அதிவேகத்தில் விபத்துகள். கடைசியில் கார்களைத் திரும்ப அழைத்து, பின்னால் தூக்கும் விசையைக் குறைக்கும் ஒரு சிறிய ஸ்பாய்லர் பட்டை வைத்து, சஸ்பென்ஷனை மாற்றி, வழுக்கும்போது தானே பிரேக் போட்டு காரை நிலைப்படுத்தும் ஈஎஸ்பியும் சேர்த்தார்கள். நம்முடைய வேகம் அந்த அளவு இல்லை, ஆனால் திசை அதேதான்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இதே காரின் டாப் வேரியன்ட்டில் 16 இன்ச் டயர் உண்டு, கூரை முடிவில் ஸ்பாய்லர் உண்டு, ஈஎஸ்பியும் உண்டு. பேஸ் வேரியன்ட்டில் மூன்றும் இல்லை. இன்ஜின் ஒன்று, வேகம் ஒன்று, ஓடும் சாலையும் ஒன்று. சன்ரூஃப் இல்லை என்றால் நான் கேட்க மாட்டேன். 110-இல் நேராகப் போவதை ஒரு அலங்காரம் போல மேல் வேரியன்ட்டில் வைத்து விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ரிம்மும் டயரும் நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஈஎஸ்பியை எந்தக் கடையில் போய் வாங்குவது?

ஆக, நண்பருக்கு என் பதில்: என் காரை நான் விற்கப் போவதில்லை, இப்போது அதை ஓட்ட அவ்வளவு பிடிக்கிறது. ஆனால் பேஸ் வேரியன்ட்டை நீங்கள் வாங்க வேண்டாம், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி. டாப் வேரியன்ட் கிடைத்தால் வாங்குங்கள். பார்க்கப் போகும்போது டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படியுங்கள், முதல் இரண்டு இலக்கம் எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு இலக்கம் எந்த வருடம். நாலு டயரும் ஒரே வகையா என்று பாருங்கள். அப்புறம் நெடுஞ்சாலையில் 100 வரை ஓட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.