பாஷ்-கம்ப்ளீஷன்: கண்ணெதிரே இருக்கும் ஃபைலை மறைக்கும் டேப்

சர்வர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நண்பர் ஒருவர், லினக்ஸில் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லுக்கான பாஷ்-கம்ப்ளீஷன் பேக்கேஜைப் போடலாமா என்று கேட்டார். பல வருடமாக அதோடு புழங்குகிறேன், ஆனாலும் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

டேப் தட்டினால் ஃபைல் பெயரை முடித்துக் கொடுப்பது பாஷின் சொந்த வேலை. இந்தப் பேக்கேஜ் அதற்கு மேல் கட்டளைக்குக் கட்டளை தனி விதி சேர்க்கிறது. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சர்வரிலிருந்து ஃபைலைக் காப்பி எடுக்கும் எஸ்சிபி கட்டளைக்கான விதி. சர்வர் பெயர், முக்காற்புள்ளி, அப்புறம் பாதிப் பாதை அடித்து டேப் தட்டினால், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் அந்த சர்வருக்கே போய் அங்கிருக்கும் ஃபைல்களைப் பட்டியல் எடுத்து வரும். பாஸ்வேர்ட் இல்லாமல் எஸ்எஸ்ஹெச் கீ (சாவி ஃபைல்) மூலம் நுழையும்படி வைத்திருந்தால் போதும். நீளமான லாக் ஃபைல் பெயரை இன்னொரு ஜன்னலில் பார்த்து காப்பி எடுக்கிற வேலையே இல்லை. இதற்காகவே அந்தப் பேக்கேஜை எழுதியவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கோபம் வருவது ஸிப் ஃபைலை விரிக்கும் அன்ஸிப்பில். இணையத்திலிருந்து ஃபைல் இறக்கும் டபிள்யூகெட்டில் ஒரே ஸிப்பை இரண்டாம் தடவை இறக்கினால், பழையதைத் தொடாமல் புதியதன் பெயருக்குப் பின்னால் '.1' ஒட்டி வைக்கும். ஆக, ஃபோல்டரில் 'ரிப்போர்ட்.ஸிப்', 'ரிப்போர்ட்.ஸிப்.1' என இரண்டு இருக்கும். இப்போது அன்ஸிப் என்று போட்டு 'ரிப்' வரை அடித்து டேப் தட்டுங்கள். பழைய ரிப்போர்ட்.ஸிப் முழுப்பெயரோடு வந்து, பின்னால் ஒரு இடைவெளியும் விட்டு நிற்கும். அந்த இடைவெளிக்கு 'வேறு ஃபைல் இல்லை, இதுதான்' என்று அர்த்தம். வேலை அவசரத்தில் என்டர் தட்டினால் விரிவது பழைய ஸிப். எந்த எச்சரிக்கையும் கிடையாது.

காரணம் எளிது. அன்ஸிப்புக்கு எழுதிய விதி, தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷனில் ('.ஸிப்' போன்ற பின்னொட்டில்) முடியும் பெயர்களை மட்டும் காட்டும். நூற்றுக்கணக்கில் ஃபைல் குவிந்த டவுன்லோட் ஃபோல்டரில் இது உதவிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்ஸிப் கட்டளைக்குப் பெயர் முக்கியமே இல்லை. முழுப்பெயரைக் கையால் அடித்தால் '.1' ஃபைலை ஒழுங்காகவே விரிக்கும். கட்டளையே ஏற்கும் ஃபைலை டேப் ஏன் ஒளிக்க வேண்டும்? எதுவுமே பொருந்தாவிட்டால் எல்லா ஃபைலையும் காட்டச் சொல்ல ஒரு வேரியபிள் உண்டு. இங்கே அதுவும் உதவாது, பழைய ஸிப் ஒன்று பொருந்திவிடுகிறதே!

டேப்புக்குப் பதில் ஆல்ட்டோடு சாய்வுக்கோட்டைத் தட்டினால், விதிகளை ஒதுக்கிவிட்டு வெறும் ஃபைல் பெயராகத் தேடும். அதிலேயே இரண்டும் தெரியும். நிரந்தரமாக வேண்டுமென்றால் பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில் 'கம்ப்ளீட் -ஓ டிஃபால்ட் அன்ஸிப்' என்று ஒரு வரி போடுங்கள், அந்த விதிக்குப் பதில் வெறும் ஃபைல் பெயர்த் தேடலே நடக்கும். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் நாம் போய் உட்காரும் எல்லா சர்வரிலும் அந்த வரி இருக்காது.

நண்பருக்கு என் பதில்: லேப்டாப்பில் போடுங்கள், எஸ்சிபி ஒன்றுக்காகவே போடலாம். சர்வரில் வேண்டாம். நாலு பேர் கை வைக்கிற இடத்தில், பாஷ் தானாகச் செய்கிற டேப்பே போதும். ஃபோல்டரில் இருப்பதை அது அப்படியே காட்டுகிறது.