களிமண் கொல்லையில் புல் வெட்டும் ரோபோ: நான்கு வருடம் ஓட்டிய அனுபவம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ரோபோ தானாகப் புல் வெட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்பார்கள். மெஷின், சார்ஜிங் ஸ்டேஷன், ஒயர், முளை, ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து 2021இல் ஒன்றேகால் லட்சத்தைத் தொட்டது. ஆனால் வாங்க நினைக்கிறவர்கள் விலைக்கும் முன்னால் யோசிக்க வேண்டியது தங்கள் தரையைப் பற்றி. இந்த நான்கு வருடத்தில் மெஷினுக்காக நான் மெனக்கெட்டது குறைவு, மண்ணுக்குள் கிடக்கும் ஒயருக்காக மெனக்கெட்டதுதான் அதிகம். வெயிலில் வெடித்து மழையில் சேறாகும் நம் களிமண்ணைப் பற்றி அதோடு வந்த புத்தகத்தில் ஒரு வரி கூட இல்லை, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பக்கம் எங்கள் ஊர். கொல்லை 12 சென்ட், அம்மா கணக்கில் 36 குழி. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது இருந்த 22 தென்னையில் 17 சாய்ந்துவிட்டன. நிழல் போனதும் தரை முழுக்கப் புல் கிளம்பியது, ஆனால் அப்போது இரண்டு மாடு இருந்ததால் அது ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. 2020இல் அம்மாவுக்கு முட்டி வலி அதிகமாகி மாடுகளைக் கொடுத்துவிட்டோம். அந்தக் கார்த்திகைக்குள் கோரையும் அருகும் இடுப்பளவு வந்துவிட்டது. நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், சனி ஞாயிறுதான் ஊருக்கு வருவேன். அம்மா விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் எழுந்து கிணற்றடிக்குப் போகிறவர். ஒரு நாள் அந்த வழியிலேயே கட்டுவிரியன் கிடந்திருக்கிறது. போனில் அதைச் சொன்னபோது அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

பிரஷ் கட்டர் வைத்திருக்கிற தம்பி ஒருவர் வருவார். நடவு, அறுப்பு சமயத்தில் அவரைப் பிடிக்க முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து வெட்டிவிட்டுப் போவார், அடுத்த மழைக்குப் பழையபடி ஆகிவிடும். ஆடு வாங்கி விடச் சொன்னார்கள், ஆட்டைக் கட்டி அவிழ்க்க அம்மாவால் முடியாது என்றுதானே மாட்டையே கொடுத்தோம்? அப்படித் தேடித்தான் ரோபோவுக்கு வந்தேன். இது புதிதாக வந்த பொருள் இல்லை. சுவீடனில் ஹஸ்க்வர்னா 1995இலேயே சூரிய சக்தியில் ஓடும் புல் வெட்டி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது, ஐரோப்பாவில் வீட்டு வாசல்களில் இது சாதாரணமாக ஓடிக்கொண்டிருக்கும்.

வேலை செய்யும் விதம் எளிது. புல்தரையைச் சுற்றி ஒரு மெல்லிய ஒயரைப் பதித்து, அதன் இரண்டு முனையையும் சார்ஜிங் ஸ்டேஷனில் சொருகுகிறோம். ஒயரில் சிறிய வோல்டேஜில் விட்டு விட்டுக் கரண்ட் போகும், தொட்டால் ஷாக் அடிக்காது. அதைச் சுற்றி உண்டாகும் காந்தப்புலத்தை உணர்ந்து, எல்லை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு மெஷின் திரும்பும். வரிசையாக ஓடாது, தோன்றின திசையில்தான் போகும். முதல் வாரம் பார்க்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக விட்டுவிட்டதைப் போல் இருக்கும், பத்து நாள் கழித்துப் பார்த்தால் தரை முழுக்க ஒரே உயரத்தில் இருக்கும். அடியில் ஒரு தட்டு, அதில் சவர பிளேடு அளவுக்கு மூன்று சின்னப் பிளேடுகள், கல்லில் பட்டால் உள்ளே மடங்கிக்கொள்ளும். தினமும் நுனியை மட்டும் வெட்டுவதால் வெட்டின துணுக்கு கண்ணுக்கே தெரியாமல் தரையில் விழுந்து அப்படியே உரமாகிவிடுகிறது. இடுப்பளவுப் புல்லை இது வெட்டாது, அதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். பிரஷ் கட்டரால் ஒரு தடவை ஒட்ட வெட்டி, மேடு பள்ளத்தைச் சமன் செய்த பிறகுதான் இதை இறக்கினேன்.

கொரியன் புல் பதிக்கச் சொல்லி நர்சரியில் வற்புறுத்தினார்கள். வேண்டாம் என்று விட்டதில் இன்றைக்கும் திருப்திதான். நம் அருகே போதும். அடிக்கடி வெட்ட வெட்ட அருகு பக்கவாட்டில் ஓடிப் படர்கிறது, ஆறு மாதத்தில் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. கோரை சாகவில்லை, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிற வரை அது சாகாது, ஆனால் தலை தூக்க முடியாமல் அருகுக்குள்ளேயே கிடக்கிறது.

சரி, ஒயருக்கு வருகிறேன். சுவர் ஓரத்தில் ஒன்றேகால் அடி தள்ளிப் போட வேண்டும், இல்லையென்றால் மெஷின் சுவரில் முட்டிக்கொண்டே இருக்கும். தென்னை மரத்தைச் சுற்றி ஒயர் தேவையில்லை, முட்டியதும் திரும்பிக்கொள்ளும். தண்ணீர் பாய்ச்ச மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தி வெட்டியிருந்தால் மட்டும் அதில் இறங்கி மாட்டிக்கொள்ளும், அதனால் பாத்தியையும் கிணற்றடியையும் சுற்றி ஒயர் ஓட்டினேன். எல்லையிலிருந்து ஒயரைப் பாத்தி வரை கொண்டுபோய், ஒரு சுற்றுச் சுற்றி, போன வழியிலேயே ஒட்டினாற்போல் திரும்பக் கொண்டுவர வேண்டும். போகிற ஒயரின் காந்தப்புலமும் வருகிற ஒயரின் காந்தப்புலமும் ஒன்றையொன்று இல்லாமல் செய்துவிடுவதால் அந்த இடத்தை மெஷின் தாராளமாகக் கடந்து போகும். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டுவிட்டால் அதையும் எல்லை என்று எடுத்துக்கொள்ளும். மொத்தம் 140 மீட்டர் ஒயர், முக்கால் மீட்டருக்கு ஒரு முளை, நானும் சித்தப்பா மகனும் இரண்டு நாள் குனிந்து அடித்தோம்.

முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. 2022 சித்திரைக் கடைசியில் அம்மா போன் செய்தார்: "தம்பி, அது வீட்டை விட்டு வெளியவே வர மாட்டேங்குது, நீல விளக்கு மினுக்கு மினுக்குங்குது." எங்கள் ஸ்டேஷனில் பச்சை எரிந்தால் சரி, நீலம் மின்னினால் எங்கேயோ ஒயர் அறுந்திருக்கிறது. சனிக்கிழமை வந்து பார்த்தால் தரை முழுக்க விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒயரைப் பாதி பாதியாகப் பிரித்து எந்தப் பாதியில் தொடர்ச்சி இல்லை என்று பார்த்துக்கொண்டே போனேன், மூன்று மணி நேரம் ஆயிற்று. வடக்குச் சுவர் ஓரம் ஒரு வெடிப்புக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது தெரிந்தது. பச்சை உறை இரண்டு பக்கமும் இழுபட்டு நூல் மாதிரி மெலிந்திருக்கிறது, உள்ளே செம்பு அறுந்து இரண்டு முனையும் எதிரெதிராக ஒரு அங்குலம் விலகி நிற்கிறது. களிமண் ஒயரை இறுகப் பிடித்துக்கொண்டு காய்ந்து சுருங்கும்போது அதையும் சேர்த்து இழுத்திருக்கிறது. யாரும் வெட்டவில்லை, எலியும் கடிக்கவில்லை, மண்ணே அறுத்துவிட்டது.

அந்த வைகாசிக்குள் இன்னும் மூன்று இடத்தில் அறுந்தது. முதல் தடவை நான் ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினேன், அதுவும் தப்பாகப் போனது. மழை வந்ததும் டேப்புக்குள் தண்ணீர் இறங்கிச் செம்பில் பச்சை பூத்து, ஒரு நாள் சிக்னல் வரும், ஒரு நாள் வராது. இப்போது எல்லா இணைப்பிலும் ஜெல் அடைத்த கனெக்டர்தான், குறடால் ஒரு அழுத்து அழுத்தினால் ஜெல் ஒயரைச் சுற்றி மூடிக்கொள்ளும், தண்ணீர் போகாது. அதை விட முக்கியமானது, அந்த ஆடியில் ஒயர் முழுவதையும் பெயர்த்து எடுத்து மறுபடி பதித்ததுதான். மூன்று அங்குல ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் மாதிரி கீறி, அடியில் மணல் போட்டு, ஒயரை இழுத்துக் கட்டாமல் பாம்பு நெளிவாகத் தளர்வாக விட்டு, மேலேயும் மணல் போட்டு மூடினேன். ஐந்து மீட்டருக்கு ஒரு இடத்தில் ஒரு சாண் ஒயரைக் கூடுதலாகச் சுருட்டி வைத்தேன். மண் விலகினால் மணலுக்குள் ஒயர் நழுவிக் கொடுக்கிறது. இந்த மூன்று வருடத்தில் வெடிப்பினால் ஒரே ஒரு தடவைதான் அறுந்திருக்கிறது, அதுவும் மணல் போதாமல் போன ஒரு மூலையில். பாத்தி வெட்ட வந்தவரின் மண்வெட்டி பட்டு அறுந்தது இரண்டு தடவை, அதற்கு மண்ணைக் குறை சொல்ல முடியாது. நம் பக்கத்தில் யார் இதை வாங்கினாலும் முதல் நாளே மணல் போட்டுப் பதியுங்கள், பின்னால் பெயர்ப்பது பெரிய வேலை.

வெட்டும் உயரத்தையும் மாற்றினேன். இரண்டு சென்டிமீட்டரிலிருந்து ஆறு வரை வைக்கலாம். ஆரம்பத்தில் அழகுக்காக மூன்றில் வைத்திருந்தேன், கோடையில் ஐந்துக்கு ஏற்றினால் தரைக்கு நிழல் கிடைத்து வெடிப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைகிறது. வாரம் ஒரு தடவை தண்ணீரும் காட்டுகிறோம்.

இடி மின்னல் இன்னொரு பெரிய விஷயம். தரையில் 140 மீட்டர் ஒயர் வளையமாகக் கிடக்கிறது என்றால், பக்கத்தில் எங்கே மின்னல் இறங்கினாலும் அதில் கரண்ட் பாய்ந்து ஸ்டேஷனுக்குள் போய்விடும். இடி வந்தால் ஒயரைக் கழற்றி வைக்கச் சொல்லிப் புத்தகத்தில் இருக்கிறது. 2022 ஐப்பசியில் நான் ஊரில் இல்லாத ஒரு இரவில் ஸ்டேஷன் போர்டு போய்விட்டது. வாங்கின இடத்தில் மின்னலுக்கு வாரண்டி கிடையாது என்றார்கள், அது கூடப் பரவாயில்லை, புதுப் போர்டு வர நாலு மாதம் ஆகும் என்று மூன்றாவது மாதத்தில்தான் சொன்னார்கள். ஒவ்வொரு வாரமும் போன் செய்து "வந்துவிடும் சார்" என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருந்தேன். டெல்டாவில் எங்கள் கண்ணுக்கு எட்டின வரை இதற்குச் சர்வீஸ் பார்க்க ஆள் இல்லை. நீங்களே கழற்றி மாட்டத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள், இதை நான் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இப்போது அம்மாவுக்கே தெரியும், வானம் கறுத்தால் முதலில் பிளக், அப்புறம் ஒயர் இரண்டு முனையும், ஒரு நிமிட வேலை.

ஸ்டேஷனுக்குச் செங்கல் அடுக்கிச் சிமெண்டு பூசி ஒரு மேடை கட்டி, மேலே கீற்று வேய்ந்துவிட்டேன். முதலில் வெறும் மண்ணில்தான் வைத்தேன், மழையில் ஒரு பக்கம் இறங்கி மெஷின் சார்ஜ் முனையில் சரியாகப் போய்ப் பொருந்தவில்லை. கீற்று வெயிலுக்காக. பேட்டரி சூடானால் சார்ஜ் ஏறாது, பங்குனி சித்திரையில் நேர் வெயிலில் நின்றால் மதியம் முழுக்க அப்படியே நிற்கும்.

தென்னை இருக்கிற கொல்லையில் இன்னொரு தொல்லை பன்னாடை. மட்டை விழுந்தால் முட்டித் திரும்பிவிடும், குரும்பையையும் தள்ளிக்கொண்டு போய்விடும், பன்னாடை மட்டும் அடியில் போய் பிளேடு தட்டில் சுற்றிக்கொள்ளும். கவிழ்த்துப் பார்த்தால் வலைத்துணி மாதிரி அச்சில் இறுகச் சுற்றியிருக்கும், கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். மேலே இருக்கும் சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் கவிழ்க்க வேண்டும். காலையில் வாசல் பெருக்குகிற மாதிரி கொல்லையிலும் அம்மா ஒரு நடை போய்ப் பன்னாடையைப் பொறுக்கிவிடுகிறார். பிளேடு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். கரண்ட் மாதம் பத்து யூனிட்டைச் சுற்றித்தான் ஆகிறது.

இரவில் ஓட விடாதீர்கள். இருட்டினால் தவளையும் தேரையும் புல்லுக்குள் வந்துவிடும், மெஷினுக்கு அவற்றைத் தெரியாது. எங்கள் வீட்டில் காலை பத்திலிருந்து நாலு மணி வரைதான், குழந்தைகள் வந்திருந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுவோம். பகலில் ஓடும்போது பார்க்க ஒரு காட்சி உண்டு: முன்பு மாட்டுக்குப் பின்னால் நடந்த உண்ணிக்கொக்குகள் இப்போது மெஷினுக்குப் பின்னால் நடக்கின்றன, அது கிளப்பிவிடும் வெட்டுக்கிளியைப் பிடிக்க. அது திரும்பினால் அவையும் திரும்பும்.

பக்கத்து வீட்டு அத்தைக்கு இதில் ஒரு வருத்தம் இருந்தது. எங்கள் கொல்லையில்தான் அவர் ஆட்டுக்குப் புல் அறுப்பார். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா என் ஆட்டுக்கு ஒரு கைப்பிடி கூட விடலையே" என்றார். நியாயம்தானே. ஒயரை மறுபடி பதித்தபோது கிழக்கு வேலி ஓரம் ஆறடிப் பட்டையை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டேன், அவர் வாரம் இரண்டு தடவை வந்து அறுத்துக்கொள்கிறார், அதனால் அங்கேயும் புல் உயர்வதில்லை.

ஒயரே இல்லாமல் செயற்கைக்கோள் சிக்னலில் ஓடும் மாடல்கள் இப்போது வந்துவிட்டன. வெட்டவெளி வைத்திருக்கிறவர்கள் அதைப் பார்க்கலாம், வெடிப்புப் பிரச்சினையே கிடையாது. தென்னை ஓலைக்கு அடியிலும் சுவர் ஓரத்திலும் வானம் மறைந்தால் அதற்கு இடம் பிடிபடாது, அதனால் நான் மாற்றவில்லை. கஜாவுக்கு அப்புறம் வைத்த கன்றுகளும் தலைக்கு மேல் வந்துவிட்டன.

அம்மா இப்போது விடியற்காலையில் கிணற்றடிக்கு டார்ச்சோடு போகிறார், பாதையின் இரண்டு பக்கமும் தரை தெரிகிறது. எனக்கு இந்தப் பணம் அதற்கே சரியாகப் போயிற்று.

போன ஞாயிறு மெஷினை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். ஐப்பசி பிறந்துவிட்டால் தரை குழைந்து சக்கரத்தில் ஒரு அங்குலக் களி அப்பிக்கொள்ளும், அப்புறம் நின்ற இடத்திலேயே வழுக்கிக் குழி பறிக்கும். பேட்டரியை முழுக்க ஏற்றி, சக்கரத்துப் பல்லில் இருந்த மண்ணைத் தென்னை நார் பிரஷால் தேய்த்து எடுத்து, பழைய பிளேடுகளைக் கழற்றிவிட்டேன். ஒயர் முனைகளுக்குக் கிரீஸ் தடவி பிளாஸ்டிக் பையில் கட்டியாயிற்று. தை பிறந்து தரை இறுகுவதற்குள் புல் முழங்கால் வரும், பிரஷ் கட்டர் தம்பியிடம் பொங்கலுக்கு அடுத்த வாரத்துக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.